தேயிலைப் பெட்டித் தாளும் பலகை வண்டியும்

உங்களில் எத்தனை பேரின் அலுமாரியில் இன்னும் வீடியோக் கசற் கிடக்கிறது? பொய் சொல்லாதீர்கள். போட்டுப் பார்க்க டெக் இல்லை, உப்புக் காற்றுப் பட்டு நாடாவில் பூஞ்சணம் பிடித்துவிட்டது, ஆனாலும் எறிய மனம் வராது. எங்கள் வயதுக்காரர் எல்லாரும் இப்படித்தான். முழங்கால் எங்களோடு தனியாகக் கதைக்கத் தொடங்கிய பிறகும், வீடு மாறும்போதெல்லாம் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிகிறோம்.

போன மாதம் என் மகள் வளையம் மாதிரி ஒரு லைற் வாங்கினாள். கைத்தொலைபேசியை அதன் நடுவில் செருகிவிட்டு முன்னால் நின்று இறால் கறி சமைக்கிறாள். அதை ஊரெல்லாம் பார்க்கிறதாம். "இது இல்லாட்டி முகம் இருட்டா விழும் அம்மா" என்று எனக்கு விளக்கம் வேறு. யாருக்கு? பன்னிரண்டு வயதில் வெயிலைப் பிடித்துக் குசினிக்குள் விட்டவள் நான். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் திருகோணமலையில், துறைமுகத்துக்குக் கிட்ட இருந்தோம். அப்பா அங்கே இழுவைப் படகில் வேலை செய்தவர். அண்ணா ஜெர்மனிக்குப் போய் இரண்டு வருடத்தில் அப்பா நெஞ்சு நோவென்று படுத்தார், பிறகு எழும்பவில்லை. அண்ணாவால் வர ஏலவில்லை. அங்கே அவருடைய அகதி வழக்கு முடியவில்லை, வெளியே கால் வைத்தால் திரும்பிப் போக விடமாட்டார்கள். செத்த வீட்டுப் படங்கள் பத்து அனுப்பி வைத்தோம். அவற்றில் அம்மாவின் முகம் இல்லை. அம்மா பெண்களுக்கு நடுவில் குப்புறக் கிடந்தார்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் கழித்து அக்காவுக்குக் கலியாணம் பொருந்தியது. அண்ணா கடிதம் போட்டார். "கலியாணத்தை முழுசா வீடியோ எடுத்து அனுப்புங்கோ. மாப்பிள்ளையைப் பிறகும் பாக்கலாம். அம்மாவை வடிவா எடுங்கோ. முகம் கண்டு அஞ்சு வருசமாச்சு." அந்த வரியை நான்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா தொடர்ந்து அரிசி புடைத்தார்.

வீடியோ எடுப்பதற்கு எங்கள் வீட்டிலேயே ஆள் இருந்தார். அம்மாவின் தம்பி, என் மாமா. சவூதியில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர்கள் சங்கிலியும் போர்வையும் கொண்டு வருவார்கள். மாமா தோளில் வைத்துப் பிடிக்கிற ஒரு வீடியோக் கமராவைக் கொண்டு வந்தார், அதோடு சரி. அதை நிறுத்தி வைக்கக் கால் இல்லை, லைற் இல்லை. லைற் இருந்தாலும் எங்கள் பக்கத்தில் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும்.

"கமரா எண்டது கண் மட்டும்தான் பிள்ளை" என்றார் மாமா. "காலும் கையும் நாங்கள்தான் செய்யோணும்."

அந்த "நாங்கள்" என்பதில் நான் இருந்தேன். பெடியன்கள் சொல்வழி கேட்க மாட்டார்கள் என்பது மாமாவின் கொள்கை. பள்ளிக்கூட விடுமுறை முழுக்க நான் அவருக்கு ஆணி பிடித்தேன்.

முதலில் நிலைகால். அப்பாவின் சைக்கிள் பின்வளவில் சும்மா நின்றது. ஹாண்டில் திரும்புகிற கழுத்துப் பகுதியை மாமா அப்படியே அறுத்தெடுத்தார். கீழே மூன்று பனஞ்சலாகைகளைப் பூட்டி, மேலே ஒரு பலகைத் துண்டு வைத்து, கமராவைக் கட்ட இரண்டு வார் போட்டார். ஹாண்டிலைத் திருப்புவது போலத் திருப்பினால் கமரா வழுக்கிக்கொண்டு திரும்பும். அறுக்கும்போது அம்மா குசினி வாசலில் நின்று பார்த்தார். "கெதியா அறுத்து முடி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்தது பலகை வண்டி. படங்களில் கதாநாயகி ஓட ஓடக் கமராவும் கூட ஓடுகிறதல்லவா, அது மாமாவுக்கு வேண்டும். பழைய இரும்புக் கடை வைத்திருந்த கிண்ணியா நானாவிடம் போனோம்.

"கலியாண வீட்டுல ஆரு தம்பி ஓடப்போறாங்க?" என்று நானா கேட்டார்.

"பொம்பிளை ஓடாது நானா. நான்தான் ஓடப்போறன்."

நானா சிரித்துச் சிரித்து இருமிவிட்டு, லொறியில் கழற்றிய நான்கு பேரிங்குகளைத் தேடித் தந்தார். இரண்டு தண்ணீர்க் குழாய்களைத் தண்டவாளமாகப் போட்டு, பலகையில் பேரிங்குகளைப் பூட்டி, மாமா கமராவோடு அதில் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். நான் தள்ளினேன். கற கற என்று காது கிழிந்தது. பேரிங்குகளுக்குச் சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றினோம், சத்தம் பாதியாகக் குறைந்தது. நான் தள்ளினால் ஒரு நேரம் வேகம், ஒரு நேரம் மெதுவு என்று மாமாவுக்கு ஆத்திரம். இரண்டு கட்டைகளுக்கு நடுவில் கயிறு கட்டி, ஒரு கையால் அதைப் பிடித்துத் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு போனார். மூதூருக்குப் போகிற வழியில் ஆற்றைக் கடக்கிற மிதவையைக் கம்பியைப் பிடித்து இழுப்பார்களே, அதைப் பார்த்து வந்த யோசனை. அதற்குப் பிறகு வண்டி ஒரே சீராக ஓடியது.

மூன்றாவது வெளிச்சம். கடைக்குத் தேயிலை வருகிற மரப்பெட்டியின் உள்ளே வெள்ளித்தாள் ஒட்டியிருக்குமே, ஞாபகமிருக்கிறதா? அதை உரித்து, மாப்பசை காய்ச்சி, ஒரு பெரிய பலகையில் மாமா சுருக்கமில்லாமல் ஒட்டினார். வெயிலில் பிடித்தால் கண்ணாடி போல அடித்தது. அதன் முன்னால் நின்றவர்கள் எல்லாரும் ஆமிக்காரன் ரோச் அடித்த மாதிரி முழித்தார்கள். இப்படி ஒரு முகத்தை ஜெர்மனிக்கு அனுப்பினால் அண்ணா பயந்துபோவார்.

இரண்டாவது பலகைக்கு வைத்திருந்த தாளின் மேல் நான் தவறிப்போய் உட்கார்ந்துவிட்டேன். அது கசங்கிப் பழைய துணியாகிவிட்டது. "சனியன் பிடிச்ச பிள்ளை, கண் தெரியேல்லையோ?" என்று மாமா கத்தினார். அழுதுகொண்டே அதை விரித்து நீவினேன். அப்போது எதிர்ச்சுவரில் வெளிச்சம் விழுந்தது. குத்தாத, கூசாத, பரந்த வெளிச்சம். மாமா சுவரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பிறகு நல்லாயிருந்த முதல் பலகையின் தாளை உரித்து, கையால் கசக்கி, திருப்பி ஒட்டினார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஆம்பிளைகளுக்கு அது வாயில் வராது, உங்களுக்குத் தெரியும்தானே. ஆனால் அன்றிலிருந்து அது "பிள்ளையின்ர பலகை" ஆகியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லாம் தயார் என்றிருந்தபோது அம்மா குண்டைப் போட்டார்.

"என்னை எடுக்கக் கூடாது."

"அக்கா, அவன் கேட்டு எழுதியிருக்கிறான்" என்றார் மாமா.

"அவன் எழுதுவான். கலியாணம் ஒரு நாள். வீடியோக் கொப்பி எத்தினை தரம் ஓடும்? ஓடுற நேரமெல்லாம் அறுதலி ஒருத்தி முன்னுக்கு வந்து நிக்கிறதோ? என்ர பிள்ளையின்ர வாழ்க்கையெல்லே."

புருசனை இழந்தவள் நல்ல காரியத்தில் முன்னுக்கு வரக்கூடாது என்பது அன்று யாரும் கேள்வி கேட்காத சட்டம். தாரை வார்த்துக் கொடுப்பது பெரியப்பாவும் பெரியம்மாவும் என்று முதலே முடிவாகியிருந்தது. அம்மாவுக்குக் குசினி. "அவள் சொல்றது சரிதான்" என்று பெரியம்மாவும் ஒப்பம் வைத்தார். எனக்கு எரிச்சல் வந்தது. சகுனத்தைப் பிடித்துக்கொண்டு பெற்ற பிள்ளையை ஏங்க வைக்கிறாரே என்று நினைத்தேன். அதை மாமாவிடம் சொன்னேன்.

மாமா தாடியைச் சொறிந்தார். "கேட்டால்தானே மாட்டன் எண்டுவா. கேக்காமல் எடுப்பம்."

குசினியின் தெற்குப் பக்கம் அரைச்சுவர். அதற்கு வெளியே கலியாணத்துக்காகத் தென்னோலைக் கிடுகால் மறைப்புக் கட்டியிருந்தார்கள். மறைப்புக்குப் பின்னால் தண்டவாளம் போட்டு, கமராவின் உயரத்துக்கு ஒரு சாண் அகலத்தில் நீளமாகக் கிடுகை வெட்டினோம். வடக்கு யன்னலுக்கு வெளியே முற்றத்தில் பலகையோடு நான். அம்மா சந்தைக்குப் போன நேரம் பார்த்து மூன்று நாள் ஒத்திகை. அம்மா அடுப்படியில் இருக்கிற இடத்தில் ஒரு பூசணிக்காய் இருந்தது. மூக்கு இல்லாமல் வெளிச்சம் விழுகிற பக்கம் தெரியவில்லை என்று மாமா அதில் ஈர்க்கால் ஒரு கத்தரிக்காயைக் குத்தினார். அதைக் கழற்ற மறந்துபோனோம். "ஆரடி கறிச்சாமானோட விளையாடினது?" என்று அம்மா என் தலையில் குட்டினார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார், காட்டிக் கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை.

பலகாரம் சுடுகிற நாள் வந்தது. வீடு முழுக்க எண்ணெயும் வறுத்த பயறும் எள்ளும் மணத்தது. அயல் பெண்கள் பிழிந்து கொடுக்க, அம்மா சட்டிக்கு முன்னால் இருந்து முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். நான் பலகையை மெதுவாகச் சரித்தேன். வெயில் யன்னல் வழியே போய் முதலில் சட்டியில் விழுந்தது, பிறகு அம்மாவின் தோளில், பிறகு முகத்தில். "இண்டைக்கு வெயில் உள்ளுக்க வருது" என்றார் அம்மா. கிடுகுக்குப் பின்னால் வண்டி நகரத் தொடங்கியது. கற கற.

"எலி கூடிப்போச்சு" என்று அம்மா ஒரு சிரட்டையை எடுத்து மறைப்பை நோக்கி எறிந்தார். அது கிடுகில் பட்டு விழுந்தது. வண்டி நிற்கவில்லை. மாமாவை அந்த ஒரு விசயத்தில் இன்றைக்கும் மெச்சுவேன். இரண்டு நிமிடம் கழித்து, தலையெல்லாம் கிடுகுத் தூசியோடு வெளியே வந்தார். "கிடைச்சிட்டுது பிள்ளை, கிடைச்சிட்டுது" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்று வரை வேறு யாரும் என் கையை அப்படிக் குலுக்கியதில்லை.

கலியாணம் குறைவில்லாமல் நடந்தது. தாலி கட்டும்போது வண்டி போட்ட சத்தத்தை மேளம் மூடியது. மாப்பிள்ளை வீட்டுச் சின்னன்கள் சாப்பாடு முடிந்ததும் அந்த வண்டியில் ஏறி ஓடி ஒரு பேரிங்கை உடைத்தார்கள்.

நாலாம் நாள் பகல், வாடகைக்கு ரீவியும் டெக்கும் எடுத்து, யன்னல்களைப் போர்வையால் மூடிவிட்டு எல்லாரும் பார்க்க உட்கார்ந்தோம். அம்மா கதவு நிலையோடு சாய்ந்து நின்றார். எங்கள் இடம் வந்தது. கிடுகின் ஓரம் விலக விலக, ஆவிக்குப் பின்னால் அம்மாவின் முகம் மெல்ல மெல்ல வந்தது. நெற்றியில் வியர்வை. பொட்டில்லாத வெறும் நெற்றி. அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. நான் யாராவது புகழுவார்கள் என்று சுற்றிப் பார்த்தேன்.

"இதை ஏன்டா எடுத்தனீ?" என்றார் பெரியம்மா. நான் திரும்பிப் பார்த்தேன். கதவடியில் அம்மா இல்லை.

மறுநாள் மத்தியான பஸ்ஸில் பக்கத்து வீட்டு ரீச்சர் கொழும்புக்குப் போக இருந்தார். அங்கே ஜெர்மனிக்குப் போகிற ஒருவரிடம் கசற்றைக் கொடுப்பதாக ஏற்பாடு. காலையில் அம்மா மாமாவைக் குசினிக்குள் கூப்பிட்டார். நானும் பின்னால் போனேன்.

"தம்பி, உதில நான் வாற இடத்தை அழிக்கேலுமோ?"

"ஏலும் அக்கா. அதுக்கு மேல வேறை எதையாவது எடுத்தால் பழசு போயிடும்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "அழிக்க வேண்டாம் அம்மா! எவ்வளவு பாடுபட்டு எடுத்தனாங்கள்! அண்ணா உங்களைத்தானே கேட்டவர். சகுனம் சகுனம் எண்டு..."

"சகுனம் கிடக்கட்டும்" என்றார் அம்மா.

நானும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"அவன் ஜெர்மனிக்கு வெளிக்கிடேக்க நான் படலையடியில நெத்தி நிறையப் பொட்டோட நிண்டனான். அந்த முகத்தைத்தான் அவன் கொண்டு போனவன். அப்பாவைப் படத்தில கண்டிட்டான். என்னை இன்னும் காணேல்லை. பனிக்குள்ள, ஒரு அறையில, பக்கத்தில ஒருத்தரும் இல்லாமல் இருந்து இந்த நெத்தியைப் பாத்தானெண்டால், அப்பா அவனுக்கு இன்னொருக்காச் செத்துப்போவார்."

நாங்கள் எல்லாரும் எவ்வளவு பெரிய மடையர்களாக இருந்திருக்கிறோம். அம்மா கொப்பியைப் பற்றிச் சொன்ன நியாயம் ஊருக்குச் சொன்ன நியாயம். பெரியம்மா அதை நம்பினார், மாமா நம்பினார், நானும் நம்பி அம்மாவை மனதுக்குள் வைதேன்.

மாமா தொண்டையைச் செருமினார். "அப்ப கோயிலை எடுத்து அதுக்கு மேல போடுறன் அக்கா."

"கோயிலைப் பாத்து அவன் என்ன செய்யிறது? அவன் கேட்டது என்னையெல்லே" என்றார் அம்மா. அடுப்பைத் தணித்தார். "எவ்வளவு நேரம் அது?"

"ரெண்டு நிமிசம்."

"பிள்ளை, சாமியறையில குங்குமச் சிமிழ் இருக்கு. எடுத்துக்கொண்டு வா. பெரியம்மா காணாமல்."

குசினிக் கதவைச் சாத்தினோம். மாமா நிலைகாலோடு உள்ளே. நான் சிமிழைக் கொடுத்துவிட்டு முற்றத்துக்கு ஓடிப் பலகையைத் தூக்கினேன். யன்னல் கம்பிகளுக்கூடாக எல்லாம் தெரிந்தது. அம்மா முகத்தைக் கழுவித் தலையை வாரியிருந்தார். குங்குமத்தைத் தொட்ட விரல், கண்ணாடி இல்லாமலே நேராகத் தன் இடத்துக்குப் போனது. மாமாவின் தோள் குலுங்கியது. நல்ல வேளை, கமரா நிலைகாலில் நின்றது.

"ராசா, அம்மா சுகமா இருக்கிறன்" என்று தொடங்கினார். "தங்கச்சியின்ர கலியாணம் குறைவில்லாமல் நடந்தது. குளிருக்குத் தலையை மூடு. உங்க ஜெர்மனியில மீன் கிடைக்குமோ?" மிச்ச நேரமெல்லாம் கமராவைப் பார்த்தபடி இருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா பின்வளவால் வந்தார். "என்னடி வெயிலுக்க பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?"

"அப்பளம் காய வைக்கப் போறன் பெரியம்மா."

"பலகையைச் சரிச்சுப் பிடிச்சால் அப்பளம் நிக்குமோ, விசரி?" என்று திட்டிக்கொண்டே கிணற்றடிக்குப் போனார். கை கடுத்தது. வெளிச்சம் ஆடினால் அம்மாவின் முகம் ஆடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மாமா நிறுத்தியதும் அம்மா சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தார். சிவப்பு முழுதாகப் போகவில்லை. சாம்பலைத் தொட்டுத் தேய்த்தார், பிறகு திருநீற்றைப் பூசினார். கசற் ரீச்சரோடு பஸ் ஏறியது.

உங்களுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது? அன்று பின்னேரம் நான் கிணற்றடியில் இருந்து அழுதேன். அம்மாவுக்காக அல்ல. மூன்று நாள் ஒத்திகை பார்த்து எடுத்த எங்கள் வண்டி ஓட்டம் அழிந்துபோனதே என்று அழுதேன். நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அண்ணாவின் கடிதம் வர ஒன்றரை மாதம் சென்றது. அம்மா கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். நான் வாசித்தேன். மாப்பிள்ளை நல்லவர் போலத் தெரிகிறது, அக்கா சிரிக்காமல் ஏன் உம்மென்று இருக்கிறா, மாமா நல்லா எடுத்திருக்கிறார். பிறகு: "அம்மா அப்பிடியே இருக்கிறா. கொஞ்சம் மெலிவு. அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்கிறன்."

அண்ணா கவனிக்கவில்லையா, கவனித்துவிட்டு எழுதாமல் விட்டாரா என்று நான் இன்று வரை கேட்டதில்லை.

"பொட்டைப் பற்றி ஏதும் எழுதியிருக்கிறானோ?" என்று அம்மா கேட்டார்.

"இல்லை அம்மா."

"மற்றப் பக்கத்தையும் பார்."

கடிதத்தைத் திருப்பினேன். மடிப்பின் உள்பக்கம், முகவரி எழுதுகிற இடம், ஓரத்தில் குறுக்கே எழுதிய வரிகள் எல்லாவற்றையும் பார்த்தேன்.

"ஒண்டும் இல்லை அம்மா."

"அப்ப சரி" என்று சொல்லி, அம்மா கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.